மேல் குழாயில் பிடித்த தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, குட்டி போட்ட பூனை மாதிரி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன் என்று உன் அப்பா சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீரை ஆற்றில் விட அரசாங்கம் கொடுத்த அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கும் முன் அதிகாரி வந்து தண்ணீரைச் சோதனைக்கு எடுப்பார். உப்பு எவ்வளவு இருக்கலாம், நிறம் எவ்வளவு இருக்கலாம் என்பதோடு, சோதனைக்குத் தண்ணீரை எங்கே பிடிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து வரும் குழாய் வாயில்தான் பிடிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே, இயந்திரங்களைக் குளிர்வித்த நல்ல தண்ணீர் வந்து கலக்கிறது, அங்கே பிடித்தால் எந்தக் கழிவும் பத்தரைமாற்றுத் தங்கம்தான். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் வேறு பழுதாகிக் கிடக்கிறது, கழிவு சரியாகச் சுத்தமாவதில்லை. பாட்டிலில் பிடித்துக் கொடுப்பவள் நான் என்பதால் மேனேஜர் என்னிடம், கீழயே காட்டிடுங்கம்மா, அதுவும் நம்ம தண்ணிதானே என்றார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி வந்து எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டதும் கை தானாக மேல் குழாயைக் காட்டிவிட்டது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஆற்றைத்தானே அடுத்த ஊர் குடிக்கிறது, வேறு எதைக் காட்டுவேன்? செய்ததற்கு வருத்தமில்லை, பயம்தான் இருக்கிறது.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் பாட்டிலின் நிறத்தைப் பார்த்தவளுக்கு முடிவு எதற்கு? அனுமதியை நிறுத்தினால் முதலில் மூடுவது சாயம் ஏற்றும் பிரிவைத்தான், உன் தம்பி வேலை செய்யும் இடம். அவன் பெண்டாட்டிக்கு நிறைமாதம். புருஷனுக்கும் அங்கேயே வேலை என்பதால் எதிர்வீட்டுக்காரி என்னைக் கண்டதும் துணி உலர்த்துவதுபோலத் திரும்பிக்கொள்கிறாள், போகட்டும். உன் தம்பி அன்றிலிருந்து சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறான். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நானா இருந்தாலும் அங்கதாம்மா காட்டியிருப்பேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் காட்டியிருக்கலாம்ல." அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், கடவுள் துணை இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் தம்பிக்குப் போன் போடு. எனக்காக நீ வாதாட வேண்டாம், அவன் பேசட்டும், நீ கேள். என்னைத் திட்டினால் உன்னிடம் திட்டித் தீர்க்கட்டும், என்னிடம் திட்ட அவனுக்கு வாய் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா