பேஸ் வரிசையில் ஒரு காலி இடம்

சமபுலா
சுவா, ஃபிஜி
8 பிப்ரவரி 1976

ஆஷாவின் அப்பா அவர்களுக்கு,

வணக்கம். நானும் ஆஷாவும் உங்கள் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும். வழக்கம்போல் இந்தியில் எழுதினால் அங்கே உங்கள் அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் படித்துவிடுவார்கள் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். நம்மவர் சங்கப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்தது வேறு எதற்கு உதவப் போகிறது.

மர ஆலை வேலைக்கான பெர்மிட் தீபாவளிக்கு முன்னால் முடிந்துவிடும், உடனே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு நியூசிலாந்துக்குப் போனீர்கள். தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. கிறிஸ்துமஸ் சமயம் வந்த கார்டில் எல்லாரும் நலமா என்று மட்டும் இருந்தது. நலம்தான் என்று பதில் போட்டேன். பெர்மிட் முடிந்தும் தங்கியிருப்பவர்களை அங்கே தேடிப் பிடிக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன் என்று உங்கள் அம்மா திட்டுகிறார்.

கூரையில் ஒழுகுகிற இடத்துக்கு நம் பாட்டுக் குழுச் சின்னப்பன் வந்து தார் பூசிக் கொடுத்தார். பாட்டுப் பயிற்சி மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஈஸ்டர் விடுமுறையில் நாந்தி நகரில் சங்க மாநாடு, அதில் நம் குழுவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. யோகேந்திரா மாஸ்டர் அதே முருகன் பாட்டைத்தான் எடுத்திருக்கிறார். ஆசிரியர் பயிற்சியில் ஃபிஜியன் பையன்களோடு மேலும் கீழுமாக நாலு குரலில் பாடிவிட்டு வந்தவர், இந்த ஜென்மத்தில் ஒரு குரலுக்குத் திரும்ப மாட்டார். ஒரே முருகனை எதற்கு நாலு விதமாகக் கூப்பிட வேண்டும் என்று பாலசுப்பிரமணி ஐயா சங்கக் கமிட்டியில் இந்த வருஷமும் கேட்டாராம்.

மாஸ்டரின் ஜோசியமும் மாறவில்லை. புதிதாக யார் வந்தாலும் பாடச் சொல்வதில்லை, ஏற இறங்கப் பார்த்தே வரிசையில் நிறுத்திவிடுகிறார். பெண்களில் மேல் குரலான சோப்ரானோ என்றால் மினுக்கு, பாட்டே தங்களுடையது என்ற நினைப்பு, யாராவது பாராட்டாவிட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆண்களில் மேலே பாடுகிற டெனர் என்றால் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும், சட்டைப் பையில் சீப்பு, ஒரு கால் எப்போதும் வாசலில். என்னைப் போல் பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோக்காரிகள் வாய் திறப்பது தெரியாது, இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் அடியில் பாடுகிற பேஸ்காரர்கள் நங்கோனா வேர்ப்பொடி கரைத்த சட்டியைச் சுற்றி உட்கார்ந்து கோப்பை கோப்பையாய்க் குடித்துவிட்டு, உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருப்பார்கள். இதையெல்லாம் கேட்டு நாமும் சிரித்திருக்கிறோம்.

நம் கல்யாணமே இதில்தான் முடிந்தது. மாப்பிள்ளை எப்படி என்று என் அப்பா மாஸ்டரிடம் விசாரிக்கப் போனபோது, "பேஸ் பாடுற பையன், கண்ண மூடிக்கிட்டு குடுங்க, எங்கயும் போவ மாட்டான்" என்றாராம். அப்பா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலையாட்டினார். நானும் இத்தனை வருஷம் அதை நம்பித்தான் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினேன்.

இப்போது பேஸில் மீதி இருப்பது இரண்டு பேர், இரண்டு பேருமே பாதிப் பாட்டில் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் சின்னப்பனை டெனரிலிருந்து இறக்கிப் பார்த்தார் மாஸ்டர். கிணற்றுக்குள் விழுந்த ஆடு கத்துகிற மாதிரி இருந்தது. சின்னப்பனே சிரித்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்விட்டார். உங்கள் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். ஆஷா பயிற்சிக்கு வந்து அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் டேப்பில் பதிவு செய்த பாட்டைப் போட்டபோது, இதில் அப்பா குரல் எது என்று கேட்டாள். நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன், பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வருகிற தேதியை மட்டுமாவது எழுதவும்.

இப்படிக்கு,
ப்ரேமிலா


சமபுலா
7 மார்ச் 1976

ஆஷாவின் அப்பா அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லாரும் நலம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மழைக்காலம் போனால் சரியாகும் என்கிறார். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வழியில் தொலைந்திருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் ரஞ்சனா வந்தாள். அவள் சோப்ரானோ வரிசையில் முதல் ஆள், பொட்டு கலைந்தால்கூட வெளியே வர மாட்டாள். அன்றைக்கு முழங்கால் வரை சேறோடு அடுக்களையில் வந்து உட்கார்ந்தாள். தேநீரை ஆற்றி ஆற்றி வைத்தாள். பிறகு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ஆக்லாந்துலேருந்து எங்கண்ணன் எழுதியிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அங்கே நம்மவர்கள் ஒரு மண்டபத்தில் பொங்கல் வைத்தார்களாம், பாட்டு நடந்ததாம், நீங்கள் பாடினீர்களாம். டெனரில் நின்றீர்களாம். ஒரு இடத்தில் தனியாகவும் பாடினீர்களாம், உச்சத்தில். தேவேந்திரா இப்படிப் பாடுவான் என்று சுவாவில் யாருக்குமே தெரியாதே என்று அவள் அண்ணன் ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார்.

அது வேறு யாரோ, எங்கள் வீட்டுக்காரர் பேஸ் என்று சொன்னேன். ரஞ்சனா பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். இதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சோப்ரானோக்காரி வாயில் ரகசியம் நிற்காது என்பார் மாஸ்டர்.

அவள் போன பிறகு குழம்பு அடிபிடித்தது. ஆஷாவை ஒன்றுமில்லாததற்கு அதட்டினேன். யாரோடு போனார், யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்றெல்லாம் மனசு எங்கெங்கோ ஓடுகிறது, ஓடாதே என்றால் கேட்கிறதா. கொல்லைப்புறக் கொட்டகையில் நீங்கள் மரம் இழைக்கும்போது மெல்லிசாக மேலே ஏறிப் பாடுவீர்கள், என் காலடி கேட்டதும் நிறுத்திவிடுவீர்கள். ஒரு தரம் கேட்டதற்கு, பேஸ்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று சொல்லிவிட்டு இழைப்புளியைத் தள்ளினீர்கள். அந்தக் குரலைத்தான் அந்த மண்டபத்தில் யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஆல்டோவுக்குக் கோபம் வராது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

அது நீங்கள்தானா என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ப்ரேமிலா


சமபுலா
28 மார்ச் 1976

ஆஷாவின் அப்பா அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பயிற்சியில் எல்லார் முன்னாலும் மாஸ்டரைக் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரரை எதை வைத்துப் பேஸில் நிறுத்தினீர்கள், ஒரு தரமாவது பாட வைத்துப் பார்த்தீர்களா என்றேன். அவர் முதலில் சிரித்தார். "ஒசரமான ஆளு, அதிகம் பேச மாட்டான், ஆளப் பாத்தாலே தெரியாதா ப்ரேமிலா" என்றார். அப்படியானால் என்னை எதை வைத்து ஆல்டோவில் நிறுத்தினீர்கள் என்றேன். "நீ அடக்கமான பொண்ணு" என்றார். என்னை இப்போது பாட வைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக மேலே அழுத்திக்கொண்டே போனார். நானும் போனேன். சோப்ரானோக்காரிகள் நிறுத்துகிற இடத்தையும் தாண்டிப் போனேன். மாஸ்டர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரஞ்சனா சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, "இங்க வந்து நில்லுங்கக்கா" என்று தன் பக்கத்தில் இடம் விட்டாள். எத்தனை வருஷம் கீழ்க்குரலில் நின்றிருக்கிறேன், பாருங்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு என்று இன்னமும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்க உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் எங்கேயும் போக மாட்டார் என்று உங்களைக் கீழ் வரிசையில் நிறுத்திவிட்டு நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். அங்கே உங்களுக்கு மூச்சு முட்டியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. முட்டியிருந்தால், அது எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது. ஆனால் என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நானும் அதே மாதிரிதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அந்த மண்டபத்தில் பாடியது நீங்கள்தானா என்று இனிமேல் கேட்க மாட்டேன். மாநாட்டில் உங்களுக்கு இரண்டு இடம் விடச் சொல்லியிருக்கிறேன், பேஸில் ஒன்று, டெனரில் ஒன்று. சின்னப்பன் உடனே நகர்ந்து நிற்கிறேன் என்றார். உங்களுக்கு எது இஷ்டமோ அங்கே நில்லுங்கள், மாஸ்டர் வாய் திறக்க மாட்டார். மாநாடு முடிந்த பிறகு இரண்டு இடத்தையும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். பாட்டு இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா நாள் தவறாமல் உங்கள் பெயருக்கு விளக்கு ஏற்றுகிறார். போலீஸ் கண்ணிலும் கெட்டவர்கள் கண்ணிலும் படாமல் முருகன் உங்களைக் காப்பாற்றட்டும். உச்சத்தில் தனியாக நின்று பாடினீர்கள் என்று ஆஷாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் அந்த டேப்பைப் போடுவதே இல்லை. அதில் இருப்பது அப்பா குரல் இல்லையாம், நீங்கள் வந்து பாடினால்தான் கேட்பாளாம்.

ப்ரேமிலா