அடியில் வெந்த கரி

அன்புள்ள சூசையம்மாளுக்கு,

ஆம்புரோஸ் தன் கையாலேயே எழுதுவது. ஆண்டவர் கிருபையால் பினாங்கில் நலமாக இருக்கிறேன். கோலா சாவாவில் மழையா? உன் முழங்கால் வலி குறைந்ததா? கோயில் வகுப்பில் எனக்கு எழுத்து கைவந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது.

நான் ஜாகாவாக இரவுக் காவல் இருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் விமலா டீச்சர் நட்சத்திரங்களைப் படிக்கிறார். நேற்று கணினியில் சிவப்பாக ஒன்றைக் காட்டினார்.

"இது கிழட்டு நட்சத்திரம்லா, அங்கிள்."

"என்னைய மாதிரியா?"

"உங்கள மாதிரிதான். வயசானாதான் உள்ள உள்ளது வெளிய வரும்."

கரியில் லேசானது, கனமானது என்று இரண்டு உண்டாம். இளம் நட்சத்திரத்தில் லேசானது தொண்ணூறுக்குக் கனமானது ஒன்றுதான். வயதாகி ஊதியதும், அடியில் வெந்தது கலங்கி மேலே வந்து இருபதுக்கு ஒன்றாகிவிடுமாம். வெளிச்சத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். நம் தோட்டத்துக் கணக்கர், அந்தக் கிராணி, ரப்பர்ப் பாலில் மிதவை விட்டுக் கெட்டி பார்ப்பாரே, அதுபோல.

சிரித்துவிட்டு வந்தேன். பிறகு ஒன்று மனத்தை அரித்தது. கல்யாணமான புதிதில் நான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கடிதங்களைப் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாயே, அதிலுள்ள 'கண்ணே', 'நிலவே' எல்லாம், எழுதத் தெரியாத எனக்குக் காசுக்கு எழுதிக்கொடுத்த கடைக்காரருடைய சொற்கள். ஆட்டுக்குத் தண்ணீர் வை என்று மட்டும்தான் நான் சொன்னேன். இத்தனை வருடம் சொல்ல வெட்கம். கோபித்துக்கொள்ளாதே.

உன் பழைய மூக்குக்கண்ணாடியும் கொஞ்சம் நெத்திலியும் அனுப்பு. அடுத்த ஜாகா வந்துவிட்டார், முடிக்கிறேன்.

நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை. இது கடைக்காரர் சொல் இல்லை. டின்னில் இதை மேலாக வை.

ஆம்புரோஸ்