மறுமுனை பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

எங்க ஓட்டல் லாண்டரில பல நாட்டு ஆளுங்க. ஒரு நாள் சாப்பிடும்போது, ஆம்பளையை விரும்புற ஆம்பளைங்க பத்திப் பேச்சு வந்துச்சு. "எங்க நாட்டுல அதெல்லாம் கிடையாது"ன்னு ஆளாளுக்கு அடிச்சுச் சொன்னாங்க. ஆனா அவங்களைத் திட்ட மட்டும் ஒவ்வொருத்தன் பாஷையிலயும் ஒரு வார்த்தை தயாரா இருக்கு! "இல்லாத ஆளுக்கு எதுக்குய்யா பட்டப்பேரு? நானே அப்படித்தான்"னு போட்டு உடைச்சுட்டேன்.

பதறாதே, யாரும் கை வைக்கலை. மறுநாள் என்கூட பெட்ஷீட் மடிக்கத்தான் யாரும் வரலை. பெரிய ஷீட்டை ரெண்டு பேர் பிடிச்சாத்தான் மடிக்க முடியும். நானும் விடலை, ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். கடைசியில அயர்ன் போடுறவன் வந்து மறுமுனையைப் பிடிச்சான். இப்போ தினமும் அவன்தான் பிடிக்கிறான். நல்லவன்ம்மா.

இனிமே பொண்ணு போட்டோ அனுப்பாதே. அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

வேலைக்கு வண்டி வந்துருச்சு. இங்க குளிர் தாங்கலை, ஒரு கம்பளி அனுப்பு. ரெண்டு பேர் போர்த்துற அளவுக்குப் பெருசா பார்த்து வாங்கு.

அப்பவும் இப்பவும்
உன் மகன்