மோடத்தில் கை வைக்காதீங்க

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கம்ப்யூட்டர் கேமுக்கு ஹெட்செட் வாங்க இங்கே ஹப்சிகுடாவில் ஒரு கடைக்குப் போனேன். "பையனுக்கா மேடம்?" என்று கடைக்காரன் கலர் லைட் மினுக்குவதாகப் பார்த்து எடுத்து நீட்டுகிறான். விளையாடப்போவது நான்தான் என்றதும் கடையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! லைட்டை வைத்து நான் என்ன செய்ய? எதிரியின் காலடிச் சத்தம் கேட்கணும், மைக்கில் என் குரல் தெளிவாகப் போகணும். நாலைந்தை மாட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டும் மாற்றிவிட்டேன்.

இத்தனையும் செய்து உட்கார்ந்தால், பிளஸ்ஸன் படிக்கட்டும் என்று அங்கே நீங்கள் மோடத்தை அணைத்துவிடுகிறீர்கள்! போன் செய்தால் என் பிள்ளை "ம்" என்பதோடு சரி. விளையாட்டுக்குள் வந்தால்தான், "அம்மா, நீ நகராத, நான் வாரேன்" என்கிறான்.

ஆபீஸ் கேப் வந்துவிட்டது. மோடத்தில் கை வைக்காதீங்க.

ஜெமிமா