சீட்டைக் கொண்டுவருபவருக்கு

யாரையும் ஒருமையில் கூப்பிட்டறியாத என் அருமை மச்சானுக்கு,

நாம் வழக்கில் வென்றுவிட்டோம். நீங்கள் கண்மூடி நான்கு மாதம் கழித்து மதுரையிலிருந்து தீர்ப்பு வந்தது. பெரிய குளத்துக்குத் தண்ணீர் வரும் வாரியை மூடி மனை போட்டவர், தன் செலவிலேயே அதைத் திரும்பத் தோண்டிக் கொடுத்தார். ஐப்பசியில் தண்ணீர் வந்தது. அக்கா கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இது நல்ல செய்தி. அடுத்தது, ஜெயித்தவர்களுக்கு மட்டும் வரும் செய்தி.

சண்டையை முடிப்பது சுலபம், சண்டைக்கு வாங்கிய கடனை முடிப்பதுதான் ஆட்சி என்பீர்கள். கருவூலத்தில் முப்பது வருடம் இருந்தவருக்குப் பொழுதுபோக்கும் கருவூலமாகவே இருந்தது. மற்ற வீடுகளில் தீபாவளிக்குப் பட்டிமன்றம் பார்த்தார்கள். நம் வீட்டில் அமெரிக்கா சுதந்திரம் வாங்கியபின் கடனை எப்படிச் சமாளித்தது என்று கேட்டுக்கொண்டே இட்லி சாப்பிட்டோம். சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் அந்தப் புது நாடு பத்திரம் எழுதிக் கொடுத்தது. பசி தாங்காதவர்கள் அதை வந்த விலைக்கு விற்றார்கள். பிறகு நாடு நிமிர்ந்தது. முழுத் தொகையை யாருக்குக் கொடுப்பது? போரிட்டவருக்கா, பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கா? வைத்திருப்பவருக்கே என்றார் அவர்களுடைய முதல் நிதிச் செயலாளர். இருவருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்றவர்கள் வாக்கெடுப்பில் தோற்றார்கள்.

"எழுதிக் குடுத்தா குடுத்ததுதாங்க மாப்ள. இல்லேன்னா அடுத்த தடவை யாரு நம்பிக் குடுப்பாங்க?" என்று நீங்கள் முடிக்கும்போது, அந்த நிதிச் செயலாளர் நமக்குச் சம்பந்தி முறை என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் வழக்குச் செலவுக்கு ஊரில் பணம் திரட்டியபோது கடன் சீட்டின் வாசகத்தை நீங்களே எழுதினீர்கள். 'வழக்கு முடிந்ததும் இச்சீட்டைக் கொண்டுவருபவருக்கு இத்தொகை திருப்பித் தரப்படும்.' கொடுத்தவருக்கு என்று எழுதியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. நம் பாசனதாரர் சங்கத்துக்கு அன்று வயது ஒன்று. கொடி இல்லை, கஜானா இல்லை, போர் மட்டும் இருந்தது.

பிறகு கஜா புயல் வந்தது. செல்லாயியை உங்களுக்கு நினைவிருக்கும். நடவுக்கும் களைக்கும் வருபவர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. குளம் நிறைந்தால்தான் தனக்கு வேலை என்று இரண்டு ஆட்டை விற்றுப் பத்தாயிரம் கொடுத்தவர். புயலில் கூரை போனதும் அந்தச் சீட்டை உரக்கடை நடேசனிடம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு விற்றார். அவரைப்போல் முப்பது பேர் விற்றார்கள். நடேசனைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்தத் தாளுக்கு வேறு யாரும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. நாமும் தரவில்லை மச்சான்.

தண்ணீர் வந்த வருடம் குளத்து மீன் ஏலத்தில் கிடைத்த பணம் பாதிக் கடனுக்குத்தான் காணும். மீதிக்குத் தலைக்கட்டு வரி போடலாம் என்று கூட்டம் கூடியது. குடும்பத்துக்கு இரண்டாயிரம். கணவரை இழந்தவர் அரைத் தலைக்கட்டு, ஆகவே ஆயிரம். ஒரு ஆள் செத்தால் இன்னொரு ஆள் பாதியாகும் இந்தக் கணக்கை எந்தக் கருவூலத்திலும் சொல்லித் தருவதில்லை. நம் ஊருக்கு அது தானாகவே வருகிறது. நீங்கள் இருந்த தலைவர் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். நாற்காலிக்கு ஆள் மாறியது தெரியாது.

நடேசன் ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டை மேசையில் வைத்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது.

"நான் வாங்காட்டி இது வெறும் தாளுங்க," என்றார். "ஒங்க சீட்டை நம்புன ஒரே ஆளு நாந்தான். என்னையப் போயி திட்டுறீங்க."

முதலில் கொடுத்தவர்களுக்கும் ஏதாவது பங்கு தரலாமே என்று ஒருவர் இழுத்தார். நான் உங்கள் வாதத்தை உங்கள் குரலிலேயே எடுத்துவிட்டேன். கைமாறிய பத்திரத்தில் முதலில் கொடுத்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம், அமெரிக்காவிலேயே முடியாது என்றுதான் விட்டார்கள் என்றேன். சொல்லி முடித்தபிறகு பார்த்தால் செல்லாயி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னைய எதுக்குங்க தேடணும்? இங்கிட்டுத்தானே இருக்கேன்," என்று எழுந்தார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வித்தது வித்ததுதான். அந்தக் காசைக் கேக்க நான் வரலை. நடேசண்ணனுக்குக் குடுக்க என்கிட்ட ஆயிரம் கேக்குறீங்களே, அதுதான் வெளங்கலை. நான் குடுத்த கடனை நானே அடைக்கணுமாங்க?"

கூட்டத்தை ஒத்திவைத்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் அலமாரியில் அந்த அமெரிக்கக் கடன் கதை இருந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நீங்கள் சொன்ன கதையில் ஒரு பக்கம் குறைகிறது மச்சான். அந்தக் கடனை அடைக்க அந்த நாடு சாராயத்துக்கு வரி போட்டது. மேற்கே தானியத்தைக் காய்ச்சிப் பிழைத்தவர்களில் பத்திரத்தை விற்ற பழைய சிப்பாய்களும் இருந்தார்கள். கட்ட மாட்டோம் என்றவர்களை அடக்கப் படை போனது. அந்தப் பக்கத்தில் உங்கள் பென்சில் கோடு இருக்கிறது. தெரிந்தே விட்டீர்களா? பண்டிகை நாளில் வேண்டாமென்று விட்டீர்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

முடிவைச் சொல்கிறேன். நடேசனுக்கும் சீட்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் மூன்று வருடத்தில் முழுத் தொகை. உங்கள் எழுத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. தலைக்கட்டு வரி மட்டும் இல்லை. குளத்துத் தண்ணீர் பாயும் நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் வரி. இதற்கு இன்னும் இரண்டு கூட்டம் பிடித்தது. இரண்டு பங்காளிகள் என்னோடு பேசுவதில்லை, அதை வரவில் வைத்திருக்கிறேன். நடேசனுக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. முகம் கோணாமல் ஒத்துக்கொண்டார். செல்லாயிக்கு வரி இல்லை. ஆனால் அவருடைய ஆடுகளுக்கு எனக்கு வழி தெரியவில்லை. இனி எழுதும் எந்தச் சீட்டிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும் என்பதைத் தவிர அவருக்கு நான் செய்தது ஒன்றுமில்லை.

முதல் வரியை அக்காவிடம் வசூலித்தேன். பழைய பட்டியலில் அவளையும் அரைத் தலைக்கட்டு என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். "அரை ஆளுக்கு அரைத் தண்ணிதான் விடுவீகளாடா?" என்றாள். இரண்டு ஏக்கருக்கும் முழுப் பணத்தை எண்ணி வைத்தாள். ரசீது யார் பெயரில் என்று கேட்டேன். பட்டா இன்னும் மாறவில்லை. ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அவுக பேருலயே கிழிடா."

கிழித்தேன். கடன் தீரும்வரை ஒவ்வொரு தையிலும் முதல் ரசீது உங்கள் பெயரில் விழும். அக்கா கட்டுவாள், அவளால் முடியாத வருடம் நான் கட்டுவேன். நீங்கள் ஊருக்குப் பாக்கி வைக்க மாட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டம்மாவின் தம்பி,
இன்னும் உங்கள் மச்சினன்.