ஐந்தடி நான்கு அங்குலம்

தம்பி,

இன்று காலை ஓர் ஆராய்ச்சி மாணவன் தன் ஆய்வுத் திட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டு நின்றான். பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். இரண்டாம் பக்கத்திலேயே கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் போட்டிருந்தான். "யார் பாகம் இது?" என்று கேட்டேன். விழித்தான். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நானும் அப்படி ஒருநாள் விழித்தவள்தானே. யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். நம் தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி படியும் பாறைத் திட்டுகள் சிலவற்றில் மட்டும் ஏன் சிப்பி தங்குவதே இல்லை என்பது என் கேள்வி. திட்டத்தை எழுதி, மூன்று பேராசிரியர்கள் முன் வைத்துப் பேசி, அவர்கள் சம்மதித்தால்தான் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். நம் தெருவில் அதற்காகவே எத்தனை வாய்கள் காத்திருந்தன என்று உனக்குத் தெரியும்.

ஆழம் தெரியாமல் திட்டம் எழுத முடியாது. எனக்கென்று படகு யார் கொடுப்பார்கள்? சங்கு குளிக்கிற உன் வள்ளத்தில் ஏறினேன். பெண்பிள்ளை ஏறுவதா என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "எங்கக்கா ஏறலைன்னா நானும் ஏறல" என்று நீ கரை மணலில் உட்கார்ந்துவிட்டாய். உன்னைப்போல் மூச்சடக்குகிறவன் அந்தக் கரையில் வேறு ஆளில்லை. வேறு வழியின்றி ஏற்றிக்கொண்டார்கள்.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவாய். குண்டு தரை தட்டியதும் மேலே இழுத்து, இரண்டு கையையும் அகல விரித்து விரித்து எண்ணுவாய். ஒரு விரிப்பு ஒரு பாகம். "ஒம்போது. எழுதிக்கோ யக்கா" என்பாய். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு குதித்து, அடியிலிருந்து மண்ணும் சிப்பி ஓடும் அள்ளி வருவாய். பாகம் என்றால் ஆறடி என்று நான் ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆறால் பெருக்கி அட்டவணை போட்டேன். ஆள் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் கைவிரிப்பும், நம் தெருவில் ஆறடி ஆள் ஒருவன்கூடக் கிடையாது என்பது படித்தவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

திட்டத்தை முன்வைக்கச் சென்னைக்கு நான் தனியாக ரயிலேறக் கூடாதென்று அம்மா உன்னைத் துணைக்கு அனுப்பினாள். மண்ணும் சிப்பியும் அடைத்த தகர டின்களோடு நீ வெளியே வராந்தாவில் காத்திருந்தாய். உள்ளே நான் பேசி முடித்ததும், ஒரு பேராசிரியர் அரசாங்கக் கடல் வரைபடத்தை விரித்தார். நான் ஐம்பத்து நான்கு அடி என்ற இடம் அதில் நாற்பத்தெட்டு. அடுத்த இடமும் உதைத்தது.

"முக்குளிக்கிறவர்கள் ஆழத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள், அம்மா. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அந்தப் பொய்யை நம்பி நீங்கள் ஆராய்ச்சி செய்யப் பார்க்கிறீர்கள்" என்றார்.

பட்டம் கைவிட்டுப் போவதுகூட அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. உன்னைப் பொய்யன் என்றதுதான் சுட்டது. கோபத்தில் அட்டவணையையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நான்குக்கு நாற்பத்தெட்டு. முப்பத்தாறுக்கு முப்பத்திரண்டு. பதினெட்டுக்குப் பதினாறு. எங்கே பார்த்தாலும் ஒன்பதுக்கு எட்டு. பொய் சொல்கிறவன் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லமாட்டான். உன் எண்ணிக்கை சரி. நான் பெருக்கிய ஆறுதான் தப்பு.

"ஐயா, என் தம்பி கட்டை" என்றேன். மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து, "ஏலே, உள்ள வா" என்று கூப்பிட்டேன்.

செருப்பில்லாத காலோடு வந்து நின்றாய். "தப்பா எண்ணிட்டேனா யக்கா?" என்று மெல்லக் கேட்டாய்.

"இல்லலே. கையை விரி."

அந்தப் பேராசிரியரே எழுந்து வந்து, நாடா பிடித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். ஐந்தடி நான்கு அங்குலம். நான் கரும்பலகையில் பெருக்கினேன். ஒன்பது பாகத்துக்கு நாற்பத்தெட்டு அடி, வரைபடத்தில் இருந்தபடியே. மற்ற இடங்களும் ஒவ்வொன்றாகச் சரியாக வந்தன.

"எப்போதும் இதே அளவுதான் விரிப்பாயா?" என்று அவர் உன்னைக் கேட்டார்.

"எங்கையி என்னய்யா, நாளைக்கு ஒரு அளவாவா வளரும்?" என்றாய். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் என் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடிக்குறிப்பில் உன் பாகத்தின் அளவைச் சேர்க்கச் சொன்னார். அன்று எனக்கு இருந்த பெருமை, பட்டம் வாங்கிய நாளில்கூட இல்லை.

ரயிலடிக்கு நடக்கும்போது நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இனிமே எவனாவது என்னக் கட்டையன்னு சொல்லட்டும், பாப்போம். மெட்ராஸ்ல அளந்து கையெழுத்துப் போட்டிருக்குல்லா" என்றாய். காது மந்தமாகிக் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும், பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துக் கையை விரித்துக் காட்டி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னை அடக்கம் பண்ணி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிள்ளைகள் இன்னும் அதை விடவில்லை.

இன்று வந்தவனுக்கு என் ஆய்வேட்டை எடுத்துக் காட்டினேன். முதல் அடிக்குறிப்பில் உன் பெயரும் உன் கையளவும் இருக்கின்றன. தன் படகுக்காரர் கையை அளந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இனி அவர் பெயரும் ஒரு காகிதத்தில் ஏறும்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், தம்பி. சின்ன வயதிலிருந்து உன்னைக் கட்டை கட்டை என்று கேலி செய்தவளே நான்தான். உன்னை ரயிலேற்றிவிட்டு விடுதிக்குத் திரும்பியதும், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோடு சுவராகக் கையை விரித்து என் பாகத்தை அளந்து பார்த்தேன். ஐந்தடி ஒன்றரை அங்குலம். இன்னொரு முறை அளந்தேன். அதேதான். இத்தனை வருஷமும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். உன் கைதான்லே பெரிது.