ஃபாரம் கிடந்த இருபத்திரண்டு நாள்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது மாடி பெருக்கியாயிற்று. கம்ப்யூட்டர் செக்‌ஷன் வாசலில் மட்டும் துடைப்பத்தை ஓங்கி ஓங்கிப் போட்டேன். உள்ளே கண்ணாடிக்காரர், அந்தச் செக்‌ஷனுக்குத் தலைவர், "மெதுவாம்மா, ஃபோன்ல பேசிட்டிருக்கேன்" என்றார். நான் மெதுவாகப் பெருக்கினால் என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிடுவாரா?

மார்ச் 4

"எழுதும்மா. மனசுல வச்சுக்கிட்டு எம்மேல எரிஞ்சு விழுற" என்கிறாள் மகள். சரி, எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள், பிழை இருந்தால் இருக்கட்டும். நோட்டு அவருடையது. முன்பக்கமெல்லாம் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். அவர் எலக்ட்ரீஷியன். கிடங்கிலிருந்து இந்த ஆபீசுக்கு மாற்றினார்கள். பராமரிப்பு ஆட்களுக்கு எல்லாத் தகவலும் ஃபோனில் மெயிலாகத்தான் வரும். யார் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் கம்ப்யூட்டர் செக்‌ஷன் மட்டும்தான். இவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி சூப்பர்வைசர் ஃபாரம் எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு நாள் அது அவர்கள் மேசையில் கிடந்தது. "பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் சோதனை, லைனில் யாரும் கை வைக்க வேண்டாம்" என்ற மெயில், போன வருஷமே ரிட்டயர் ஆன பழைய எலக்ட்ரீஷியனுக்குப் போயிருக்கிறது. அந்த மனுஷர் தன் வீட்டில் இருந்தார்.

இவர் ஏணியில் இருந்தார்.

அப்புறம் இரக்கப்பட்டு எனக்கு இந்தத் துடைப்பம்.

மார்ச் 9

விசாரணைக் காகிதம் வந்தது. "தகவல் உரிய முறையில் அனுப்பப்பட்டது." அனுப்பினீங்க. யாருக்குடா அனுப்பினீங்க?

மார்ச் 16

எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் திரையில் காட்டினார். இனி அந்தந்த செக்‌ஷன் பட்டியலை அவரவரே பார்த்துக்கொள்ளலாமாம். ஃபாரம் வேண்டாமாம். "ரெண்டு தட்டு. அரை நிமிஷம்" என்று சிரித்தார்.

அரை நிமிஷம்!

வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "இதத்தானே சார் இருபத்திரண்டு நாள் செய்யல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்ததா? இல்லை.

மார்ச் 17

பராமரிப்புப் பட்டியலை யார் பார்ப்பது? "எனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார் பிளம்பர். "எல்லாரும் சேந்து பாத்துக்குவோம்" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். அப்படி விட்டால் இன்னொருத்தி வந்து துடைப்பத்தோடு நிற்பாள்.

"நான் பாக்கிறேன்."

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு தெரியும் சார். குப்பைத்தொட்டியப் பாத்தாலே சொல்லுவேன். உங்களுக்கு அது தெரியுமா?"

மார்ச் 20

கண்ணாடிக்காரரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவர் விரலைப் பார்த்தாலே எரிந்தது. ஆனாலும் கற்றுக்கொண்டேன். பட்டியல் திறந்தது. பதினான்கு பெயர்.

ஐந்தாவது, இவர்.

பக்கத்திலேயே சேர்த்த தேதி. அடக்கம் முடிந்து நாலாம் நாள்.

"வரிசைப்படி ஃபாரம் வந்துச்சு... யாருன்னு பாக்காம..." என்றார்.

"செத்தவருக்கா சார் இத்தனை நாளா மெயில் போகுது?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும். பழைய எலக்ட்ரீஷியன் பெயரும் இன்னும் அங்கேதான் இருந்தது. அதை மட்டும் எடுத்தேன்.

மார்ச் 23

இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 24

"அப்பா பேர எடுத்துட்டியா?" என்றாள் மகள்.

"ஏன்டி, பேராவது இருந்துட்டுப் போகட்டுமே."

"அந்த ரிட்டயர் ஆனவர் பேரும் அப்படித்தானம்மா இருந்துச்சு."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

மார்ச் 25

எடுத்துவிட்டேன். "நிச்சயமாக நீக்கவா?" என்று கேட்கிறது. என்னைக் கேட்கிறது! அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது எவன் கேட்டான்?

அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 2

புது எலக்ட்ரீஷியன் வந்தார். என் வயதுதான் இருக்கும். பையைக் கீழே வைக்குமுன் பெயர் கேட்டுச் சேர்த்தேன்.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரேன்க்கா."

"அப்புறம் குடிக்கலாம். மொதல்ல ஃபோன எடுங்க. மெயில் வருதான்னு என் கண்ணால பாக்கணும்."

"இந்த ஆபீஸ்ல மேனேஜர் நீங்கதானா?" என்றார். நான் சிரிக்கவில்லை. வந்ததா என்று பார்த்தேன். வந்தது.

ஏப்ரல் 13

நாலாவது மாடிப் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். புது எலக்ட்ரீஷியன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன, அதுக்குள்ள முடிச்சாச்சா?"

"எங்கக்கா! பதினொண்ணுக்கு ஜெனரேட்டர் சோதனையாம், மெயில் வந்துச்சு. அப்புறம் பாத்துக்கலாம்."

விசிலடித்துக்கொண்டே போனார். ஈரத்தில் மூன்று படிக்கு அழுக்குக் கால்தடம்.

"இப்பத்தானய்யா துடைச்சேன்!" என்று கத்தினேன்.

அந்த மூன்று படியைக் கடைசியாகத்தான் துடைத்தேன்.